அவுட்பாக்ஸ்காரர்கள்

துறைமுகச் சாலையில் உப்பு லாரிகள் திரும்புகிற வளைவில் இருக்கும் நீலத்திரை ஷிப்பிங் கம்பெனி, பழைய மெயில் சர்வரை விட்டுப் புதிய சர்வருக்கு மாறிய திங்கட்கிழமை சாயங்காலம், அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, வாட்ச்மேனுக்குத் தலையசைத்துவிட்டு கேட்டைத் தாண்டினார்கள்; தாண்டிய கால் வெளியே தரையில் படுவதற்குள் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பை தோளிலேயே இருந்தது. டிபன் டப்பா கையிலேயே இருந்தது. எதிரே திரையில் பாஸ்வேர்டு கேட்கும் சின்னப் பெட்டி ஒன்று, காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததைப் போலவே, மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுப்பில் எழுந்திருக்காமலே எழுந்ததாக நினைத்துக்கொண்டோம் போல என்று சிலர் நினைத்தார்கள். டாக்குமென்ட் செக்‌ஷன் ஆவுடைநாயகி மறுபடி எழுந்து போய், மறுபடி நாற்காலிக்கு வந்து, இன்னொரு தடவை போய், இன்னொரு தடவை வந்து, அதற்குப் பிறகு பையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, வெளியே போய்விட்டவர்கள் யார், திரும்பி வந்தவர்கள் யார் என்று ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவுட்பாக்ஸில் போகாத மெயில் கிடக்கிறவர்களால் மட்டும்தான் போக முடியவில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான். மெயில் போகாவிட்டால் ஆளும் போக முடியாது என்பது, கேட்டவர்களுக்கு ஏதோ ஆபீஸ் சுற்றறிக்கை போலத்தான் இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எப்போது சரியாகும் என்றுதான் கேட்டார்கள். கேட்டது ஜெசிந்தாவிடம்.

ஜெசிந்தா அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவள். நாற்பதைத் தாண்டியவள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டுக்குச் சரியாகப் போகாமல், ஒவ்வொருவருடைய மெயில் பெட்டியையும் பழைய மெஷினிலிருந்து புதிய மெஷினுக்கு மாற்றி வைத்தவள். அவள் எப்போதும் பிரவுசரில்தான் மெயில் பார்ப்பாள் என்பதால் அவளுடைய அவுட்பாக்ஸில் எதுவும் தேங்கவில்லை. அதனால் அவளால் கேட்டைத் தாண்ட முடிந்தது. போகிற வழியெல்லாம், போக முடிந்ததற்காக அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து ஊர் கேட்டுக்கு வந்தது. பெண்டாட்டிகள் தூக்குச்சட்டியோடும் மாற்றுத் துணியோடும் வந்தார்கள், புருஷன்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே வருகிறவர்களை கேட் தடுக்கவில்லை, அவர்கள் திரும்பிப் போவதையும் தடுக்கவில்லை. ஆகையால் வேப்பமரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிட்டுவிட்டு, குழந்தைக்கு அப்பாவைக் காட்டிவிட்டு, அழுக்குத் துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். எதிர்த்த டீக்கடைக்காரர் கூடுதலாக இரண்டு பெஞ்சு போட்டார். ரேஷன் கடைக்காரர் கைரேகை வைக்கிற மெஷினை சைக்கிளில் கொண்டுவந்து, விரல் வைக்க வேண்டியவர்களிடம் விரல் வாங்கிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி மதியம் ஆட்டோவில் வந்து, பையன் கணக்கில் மோசம் என்று அப்பாவின் நாற்காலிக்கே போய்ச் சொன்னாள். சங்கத்துக்காரர்கள் வந்து ஓவர்டைம் கேட்டார்கள். வார்டு கவுன்சிலர் வந்து பார்த்துவிட்டு, மெயில் விஷயம் தன் கையில் இல்லை என்று சொல்லி, லாரி கழுவுகிற இடத்துக் குழாயைச் சரிசெய்து கொடுத்தார். பங்குச் சாமியாரும் வந்து ஜெபித்தார், மாடன் கோவில் பூசாரியும் வந்து திருநீறு போட்டார், இரண்டு பேரும் வெளியே போகும்போது ஒரே ஷேர் ஆட்டோவில் போனார்கள். பில்லிங்கில் இருந்த ஒரு பையனுக்குக் கல்யாணத் தரகர் அங்கேயே பெண்வீட்டாரைக் கூட்டிவந்தார். மாப்பிள்ளை சாயங்காலம் கண்ட இடத்துக்குப் போகிறவர் இல்லை என்பது பெண்ணின் அப்பாவுக்குப் பிடித்திருந்தது.

துறைமுகத்தில் எல்லோரும் அவர்களை அவுட்பாக்ஸ்காரர்கள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கம்பெனி முதலாளிகள் சிலர், அது எந்த சர்வர், என்ன விலை என்று தனியாக விசாரித்துக்கொண்டு போனதாகவும் பேச்சு.

ஜெசிந்தா ஒவ்வொரு மேஜையாக உட்கார்ந்தாள். பாஸ்வேர்டை மறுபடி அடித்தாள், ஞாபகம் வைத்துக்கொள் என்ற கட்டத்தில் டிக் போட்டாள், பெட்டி மறைந்து மூச்சுவிடுகிற நேரத்துக்குள் திரும்ப வந்தது. மெயில் திறக்கிற புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். பழைய விலாசங்கள் ஞாபகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அதையெல்லாம் துடைத்தாள். தேங்கிய மெயிலை டெலிட் செய்தாள்; செய்தவள் கையை எடுப்பதற்குள் அது அதே இடத்தில், அதே தடித்த எழுத்தில் வந்து நின்றது. அவளுக்குப் பின்னால் எப்போதும் யாராவது ஒருவர் நின்றார்கள். அவர்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒண்ணும் அவசரமில்ல மேடம், சாப்பிட்டுட்டு வந்து பாருங்க" என்றார்கள். அவள் சாப்பிடப் போகும் வழியில் அடுத்த மேஜைக்காரர் எழுந்து நின்றார்.

ஆவுடைநாயகியின் மேஜைக்கு வந்தபோது அவள் இடம் விட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளவில்லை.

"என்னுது கடைசியில பாத்துக்கிடலாம் ஜெசிந்தா."

"ஏங்க்கா, வீட்ல தேட மாட்டாங்களா?"

"தேடுதாங்க. தேடட்டும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கல்யாணமாகி வந்ததுல இருந்து நான் ஏழு மணி வரைக்கும் தூங்கினதே இல்ல தெரியுமா? இங்க ஃபேக்ஸ் ரூம்ல பாய விரிச்சா, காலையில வாட்ச்மேன் வந்துதான் எழுப்ப வேண்டியிருக்கு. நேத்து என் மகன் சோறு பொங்கிக் கொண்டாந்தான். ஒரே உப்பு. நான் ஒண்ணும் சொல்லல, சாப்பிட்டேன்."

ஜெசிந்தா அடுத்த மேஜைக்குப் போனாள்.

அடுத்த மேஜை சுயம்புலிங்கத்தினுடையது. சுங்க இலாகா வேலைகளைப் பார்க்கிறவர், ஐம்பதை நெருங்கியவர், யாரிடமும் அதிகம் பேசாதவர். அவருடைய அவுட்பாக்ஸில் கிடந்தது ஒரு கண்டெய்னரை எப்போது இறக்குவது என்று கேட்கிற இரண்டு வரி மெயில். அந்தக் கண்டெய்னர் எப்போதோ இறங்கிப் போய்விட்டது. முத்தையாபுரத்தில் அவருடைய அப்பா கொஞ்ச நாளாகப் படுக்கையில் இருந்தார். தம்பி தினமும் போன் செய்து பெரியவரின் காதில் வைப்பான். சுயம்புலிங்கம் எழுந்து காரிடார் ஓரத்துக்குப் போய், "அப்பா, நான்தான், வந்துருதேன்" என்பார். அந்தப் பக்கம் இழுத்து இழுத்து விடுகிற மூச்சு மட்டும் கேட்கும். போனை வைத்துவிட்டு வந்து உட்காருவார்.

"என்ன ஜெசிந்தா, ஏதும் வழி தெரியுதா?"

"பாக்கேன் அண்ணாச்சி."

"பாரு. எனக்குன்னு முதல்ல பாக்கச் சொல்லல. எல்லாருக்கும் பாரு."

அவருக்காகத்தான் அவள் முதலில் பார்த்தாள். அவர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, அவருடைய கம்ப்யூட்டர் வெளியே யாரிடம் என்ன கேட்கிறது என்று ஒரு நாள் காலை முழுக்கக் கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. மெயில் எடுக்கப் போகும்போதெல்லாம் அது முதலில் பழைய மெஷினைப் போய்க் கேட்டது. பின்னறையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த பழைய மெஷின், ஆமாம், சுயம்புலிங்கம் இங்கேதான் இருக்கிறார் என்று பதில் சொன்னது. நம்பி உள்ளே போனால் அங்கே அவருக்கு மெயில் பெட்டி கிடையாது. புதிய மெஷினுக்கு வந்தால், நீங்கள் அங்கே அல்லவா இருக்கிறீர்கள் என்று அது பாஸ்வேர்டு கேட்டது. இப்படி இரண்டுக்கும் நடுவில் அவர் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். அவர் மட்டுமல்ல, எல்லோருமே. பழைய மெஷினை நிறுத்திவிட்டால் போதும்.

நிறுத்த முடியாததற்குக் காரணம் கஸ்பார் சார்.

கம்பெனி முதலாளி கஸ்பாருக்கு எழுபது வயதிருக்கும். மெயில் எழுதுகிற வழக்கம் அவருக்கு இல்லை, எல்லாவற்றையும் வாயால் சொல்லி முடிக்கிறவர், ஆகவே அவரையும் கேட் தடுக்கவில்லை. அவருடைய மனைவி பிரிசில்லா, இறக்கிற வரைக்கும் அதே ஆபீஸில் டாக்குமென்ட் வேலை பார்த்தவர். பிரிசில்லாவின் மெயில் பெட்டியை மட்டும் ஜெசிந்தாவால் புதிய மெஷினுக்கு முழுக்கக் கொண்டுவர முடியவில்லை. பாதிக்கு மேல் வந்து ஓரிடத்தில் நிற்கும், தானாக முதலிலிருந்து ஆரம்பிக்கும், திரும்ப அதே இடத்தில் வந்து நிற்கும். பழைய மெஷினின் டிஸ்க் தேய்ந்து, உள்ளே யாரோ அரிசி களைகிற மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மதியம் கஸ்பாரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நிப்பாட்டினா எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்களா?" என்று கேட்டார் கஸ்பார்.

"போயிரலாம் சார்."

"மறுபடி போட்டா ஓடுமா?"

"ஓடாது சார். இப்ப ஓடுறதே பெரிய விஷயம்."

"இதுவரைக்கும் வந்ததுல எது வரைக்கும் இருக்கு?"

"அம்மா ஆஸ்பத்திரியில சேந்ததுக்கு முந்தின வருஷம் வரைக்கும்."

கஸ்பார் மேஜைக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்போ கடைசி வருஷம் இல்ல."

"இல்ல சார்." அவள் கொஞ்சம் நின்று, "சுயம்பு அண்ணாச்சியோட அப்பாவுக்கு ரொம்ப முடியல சார்" என்றாள்.

"தெரியும்மா. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாரு. ஒரே ஒரு நாள். அதுக்குள்ள வரலேன்னா நிப்பாட்டிரு."

அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமைக்கு முன்னாலிருந்தே அவள் சரியாகத் தூங்கவில்லை. அவருடைய கண்ணும் தூங்காத கண்ணாகத்தான் இருந்தது. சண்டை போட இரண்டு பேருக்குமே தெம்பில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சுயம்புலிங்கத்தின் மேஜையைத் தாண்டி வரும்போது அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள், "நாளைக்குச் சரியாயிரும் அண்ணாச்சி" என்றாள். அவர் சந்தோஷத்தோடு போனை எடுத்துக்கொண்டு காரிடாருக்குப் போனார்.

விடிகிற நேரத்தில் பெரியவர் இறந்துபோனார்.

மூத்த பிள்ளையால் வர முடியாதென்றால் பிணத்தை அங்கே கொண்டுபோவோம் என்று முத்தையாபுரத்தில் முடிவு செய்தார்கள். அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. வேனில் பெரியவரைக் கொண்டுவந்து, கண்டெய்னர்களின் நிழலில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். டீக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு, எல்லோருக்கும் கடுங்காப்பி போட்டு எடுத்துவந்தார். கவுன்சிலர் சரிசெய்து கொடுத்த குழாயில், பெரியவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்தார்கள். சுயம்புலிங்கம் அதே குழாயில் குளித்து, ஈர வேட்டியோடு வந்து, சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்தார். அவுட்பாக்ஸ்காரர்கள் எல்லோரும் வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டார்கள். கப்பலில் இருந்து இறங்கிய வெளிநாட்டு மாலுமி ஒருவன், கையெழுத்து வாங்க வந்தவன், அவனும் வரிசையில் நின்று போட்டான்.

பாடையைத் தூக்கினார்கள். சங்கு ஊதினார்கள். சுயம்புலிங்கம் கொள்ளிச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். கேட் பக்கத்தில் வந்ததும் தம்பி, "அண்ணே, சட்டிய எங்கிட்ட தந்துரு" என்றான். கேட்காதவர் போல சுயம்புலிங்கம் நடந்தார். அப்பாவோடு போகும்போதாவது விட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. காலை எடுத்து வெளியே வைத்தார்.

ஏசி ஹாலில், தன் நாற்காலியில், ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். மடியில் கொள்ளிச்சட்டி புகைந்துகொண்டிருந்தது. புகை மேலே போய் மின்விசிறியில் மாட்டி ஹால் முழுக்கப் பரவியது. திரையில் அந்தச் சின்னப் பெட்டி பாஸ்வேர்டு கேட்டது. வெளியே சங்குச் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. மூத்தவன் வராவிட்டால் என்ன, இளையவன் கொள்ளி வைக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்க வேண்டும், ஊர்வலம் நிற்கவில்லை.

ஹாலில் இருந்த எவரும் பக்கத்தில் போகவில்லை. ஜெசிந்தா போனாள். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நேத்தைக்கே எனக்குக் காரணம் தெரிஞ்சு போச்சு அண்ணாச்சி" என்றாள். "நேத்தைக்கே நிப்பாட்டியிருக்கலாம்."

அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு வேண்டாம்னது?"

அவள் பதில் சொல்வதற்குள் பின்னறையின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கஸ்பார் தன் கண்ணாடி அறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எப்போதோ எழுந்து அங்கே போயிருந்தார். மெஷின் எது, பொத்தான் எது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் பொத்தானைத் தேடவில்லை. சுவரோரம் குனிந்து, வயரைப் பிடித்து, பிளக்கோடு இழுத்தார். அரிசி களைகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து நின்றது. அது இத்தனை நாளாக ஹால் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே, நின்றபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

சுயம்புலிங்கத்தின் திரையிலிருந்து பெட்டி போனது. கண்டெய்னர் மெயில் மெலிந்த எழுத்துக்கு மாறி அவுட்பாக்ஸிலிருந்து மறைந்தது.

"எந்திரிங்க அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா.

அவர் சட்டியோடு எழுந்து, பின்னறையில் வயரோடு நின்ற கஸ்பாரை ஒரு தடவை பார்த்துவிட்டு, நடந்து கேட்டுக்குப் போனார். கால் வெளியே தரையில் பட்டது, இன்னொரு காலும் பட்டது, ரோட்டில் நின்றார். நின்றவருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. ஊர்வலம் கண்ணுக்கெட்டாமல் போயிருந்தது. ஜெசிந்தா ஸ்கூட்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். அவர் ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். உப்பு லாரிகள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கின. கொள்ளிச்சட்டிப் புகை அவள் முதுகைத் தாண்டி முன்னால் வந்து கண்ணைக் கரித்தது, அவள் ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். வழியில் அவர் ஒரு தடவை, "சாருகிட்ட வருத்தம் ஒண்ணும் இல்லேன்னு சொல்லிரு" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "இல்ல, சொல்லாத" என்றார்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில் ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்க, அதன் முன்னால் பாடையைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டு ஊர்வலம் நின்றிருந்தது. சுயம்புலிங்கம் இறங்கி, ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். தம்பி அவரைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த புதிய சட்டியை ஓரமாகத் தண்டவாளக் கல்லில் வைத்தான். கேட் திறந்தது, சங்கு ஊதினார்கள், போனார்கள். ஜெசிந்தா அவர்கள் தண்டவாளத்தைத் தாண்டுகிற வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அவள் ஆபீஸுக்கு வந்தபோது ஹால் கிட்டத்தட்டக் காலியாகியிருந்தது. ஒருவர் பின் ஒருவராக, முதலில் ஒரு காலை வைத்துப் பார்த்து, பிறகு வேகமாக, எல்லோரும் போயிருந்தார்கள். பாய்களும் சோப்புப் பெட்டிகளும் மேஜைகளுக்கு அடியில் அப்படியே கிடந்தன. கஸ்பார் பின்னறையில், நின்றுபோன மெஷினுக்கு எதிரே ஸ்டூலில் இருந்தார். வயர் இன்னும் கையில் இருந்தது.

"சுயம்பு ஊர்வலத்துல சேந்துட்டானா?"

"ரயில்வே கேட்ல சேந்துட்டாரு சார்."

அவர் தலையாட்டினார். வயரைச் சுருட்டிக் கீழே வைத்தார். "அவ மெயில்ல ஒண்ணும் பெருசா இல்ல ஜெசிந்தா. கப்பல் பேரு இருக்கும், கண்டெய்னர் நம்பர் இருக்கும், கீழ, மாத்திரை போட்டாச்சான்னு ஒரு வரி இருக்கும். அடுத்த ரூம்ல இருந்துக்கிட்டு அனுப்புவா. எந்திரிச்சு வந்து கேக்க வேண்டியதுதானேன்னு நான் திட்டுவேன்."

"பாதிக்கு மேல இருக்கு சார்."

"இருக்கட்டும். நான் இன்னும் ஆரம்பத்தையே தாண்டல. அத வாசிக்கவே எனக்கு நாள் காணாது." எழுந்திருக்கக் கையை நீட்டினார். அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள். டிரைவர் வந்து அவரை காருக்குக் கூட்டிப்போனான்.

விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்த ஜெசிந்தா டாக்குமென்ட் செக்‌ஷனில் நின்றாள். ஆவுடைநாயகி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. பை மேஜைமேல் இருந்தது.

"உங்களுதும் போயிருச்சுக்கா."

"தெரியும். போகும்போது பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." ஆவுடைநாயகி பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "எங்க வீட்டுக்கு இன்னும் தெரியாதுல்லா?"

"யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

"நாளைக்கு எப்பிடியும் தெரிஞ்சுரும்."

"தெரிஞ்சுரும்."

"அப்ப நாளைக்குப் போறேன்."

ஆவுடைநாயகி ஃபேக்ஸ் ரூமுக்குப் போய்ப் பாயை விரிக்கிற சத்தம் கேட்டது. ஜெசிந்தா அந்தப் பக்கத்து டியூப்லைட்டை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிட்டு, கதவைப் பாதி சாத்தினாள். பிறகு, தானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள்.